மார்கோனி பரிசும் பொள்ளாச்சிக்காரர் பால்ராஜும்

தகவல் தொடர்புத் துறையின் நோபல் என்று சொல்லப்படும் பரிசு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மார்கோனி பரிசு. 2014ஆம் ஆண்டு அதைப் பெற்றவர் பொள்ளாச்சியில் பிறந்த தமிழர், ஆரோக்கியசாமி பால்ராஜ். கிரிக்கெட் வீரர்களின் பெயரை ஒப்பிக்கும் நம் பிள்ளைகளில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மேலகரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ரியாத்தில் இருக்கும் வாப்பாவோடு வீடியோவில் பேசுகிற பிள்ளையின் கையிலிருக்கும் போனில் அவருடைய யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வானொலியின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் குலியெல்மோ மார்கோனி 1874இல் இத்தாலியின் பொலோனா நகரில் பிறந்தவர். அவர் பிறந்து நூறாண்டு நிறைவதையொட்டி அவருடைய மகள் ஜோயா மார்கோனி பிராகா 1974இல் ஓர் அமைப்பை உருவாக்கினார். 1975 முதல் அந்த அமைப்பு பரிசு வழங்கி வருகிறது. பரிசுத் தொகை ஒரு லட்சம் டாலர். நோபல் பரிசில் பொறியியலுக்குத் தனிப் பிரிவு இல்லை. இயற்பியலில் உதித்த ஓர் உண்மையை மக்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறியாளருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. அந்த இடைவெளியில் நிற்கும் பரிசு இது.

மார்கோனிக்கே 1909இல் இயற்பியலுக்கான நோபல் கிடைத்தது. ஜெர்மானியரான கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுனுடன் அதைப் பகிர்ந்துகொண்டார். கம்பியில்லாத் தந்தியை வளர்த்ததற்காக அந்தப் பரிசு. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டு என்ற ஊரிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிச் சைகையை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் காதில் கேட்டதாக அறிவித்தவர் அவர்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ், 1890களின் நடுவிலேயே கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையைச் சுவர் தாண்டிச் செலுத்தி, அடுத்த அறையில் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டினார். மார்கோனி 1901இல் பயன்படுத்திய பாதரச உணர்கருவி, போஸ் 1899இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரையில் விவரித்த அமைப்பைச் சார்ந்தது என்று 1990களின் இறுதியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் ஆய்விதழிலேயே கட்டுரை வந்தது. போஸ் காப்புரிமையில் நாட்டம் இல்லாதவர். மார்கோனி அதில் கில்லாடி. 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்கோனியின் முக்கியமான காப்புரிமை ஒன்றின் உரிமைக் கோரிக்கைகளை, அவருக்கு முன்பே பிறர் செய்துவிட்டார்கள் என்று கூறித் தள்ளுபடி செய்தது. யாருடைய கண்டுபிடிப்பு, யாருக்குப் பெயர் என்ற வழக்கு, பரிசுக்குப் பெயர் தந்தவரிடமிருந்தே தொடங்கிவிடுகிறது.

பரிசு பெற்றோர் பட்டியலைப் புரட்டினால் நாம் தினமும் பயன்படுத்தும் பொருள்களின் வரலாறே வரிசையாக வருகிறது. 1980இல் நம் நாட்டு இயற்பியலாளர் யஷ்பால் இதைப் பெற்றார். 1975-76இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டிய 'சைட்' திட்டத்தின் பின்னால் நின்றவர் அவர். அடுத்து 1982இல் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் குடியிருந்தவர். பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945லேயே எழுதியவர். 2002இல் இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 2004இல் கூகுள் நிறுவனர்கள் இருவர், 2013இல் கையடக்கத் தொலைபேசியில் முதன்முதலில் பேசிய மார்ட்டின் கூப்பர்.

1985இல் பெற்ற சார்லஸ் காவ் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ஷாங்காயில் பிறந்த அவர், 1966இல் ஜார்ஜ் ஹாக்கம் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போதிருந்த கண்ணாடி இழையில் ஒளி சில மீட்டர் போவதற்குள்ளேயே மங்கிவிடும். அது கண்ணாடியின் குற்றமில்லை, அதிலுள்ள அசுத்தத்தின் குற்றம். சுத்தமான கண்ணாடி செய்தால் ஒளி கிலோமீட்டர் கணக்கில் போகும் என்றார் காவ். கண்ணாடித் தொழிற்சாலை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி அதை நம்பவைக்கப் பாடுபட்டார். இன்று கடலுக்கடியில் கிடக்கும் இழைக் கம்பிகள் அவர் சொன்னது சரி என்பதற்குச் சாட்சி. வளைகுடாவிலிருந்து வரும் அழைப்பு நம் ஊர்க் கோபுரத்துக்கு வருமுன் அந்த இழைகளில்தான் கடலைக் கடக்கிறது. மார்கோனி பரிசு கிடைத்து 24 ஆண்டுகள் கழித்து, 2009இல் அவருக்கு இயற்பியல் நோபல் வந்தது. அதற்குள் அவரை மறதி நோய் பிடித்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை மனைவி க்வென்தான் நிகழ்த்தினார். பஞ்சாபில் பிறந்து, ஒளியிழைத் துறைக்குப் பெயரே வைத்த நரீந்தர் சிங் கபானிக்கு நோபல் கிடைக்கவே இல்லை. நோபல் குழு எப்போதும் விரைவாகவும் சரியாகவும் முடிவெடுக்கும் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பட்டம் இல்லாமல் முனைவர்

பால்ராஜ் 1944இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும், பதின்ம வயதிலேயே தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து இந்தியக் கடற்படை அதிகாரியானார். கல்லூரிக்குப் போய் பி.இ. படிக்கவில்லை. ஆனால் கணக்கிலும் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டிலும் தானாகவே படித்துத் தேறினார். கடற்படை அவரை டெல்லி ஐ.ஐ.டி.க்கு மேற்படிப்புக்கு அனுப்பியது. அங்கே பேராசிரியர் பி.வி. இந்திரேசன் அவருடைய திறமையைப் பார்த்து, முதுகலைக்கு வந்தவரை முனைவர் பட்ட ஆய்வுக்கே மாற்ற வழி செய்தார். இளங்கலைப் பட்டம் இல்லாதவர் 1973இல் முனைவரானார். 'மார்க் வரலையே, பெரிய காலேஜ் கிடைக்கலையே' என்று ஒவ்வொரு மே மாதமும் வீட்டில் பிள்ளையைக் குடையும் பெற்றோர் இந்த ஒரு பத்தியை இன்னொரு முறை வாசிக்கலாம்.

இடையில் 1971 போர் வந்தது. டிசம்பர் 9 இரவு ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். நீருக்கடியில் வரும் எதிரியை ஒலியலை கொண்டு கண்டுபிடிக்கும் சோனார் கருவியின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. அதைச் சீர்செய்யும் வேலை இளம் அதிகாரியான பால்ராஜிடம் வந்தது. பழைய பிரிட்டிஷ் கருவியைத் திருத்தி மேம்படுத்தியதோடு அவர் நிற்கவில்லை. கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வகத்தில் ஒரு குழுவை வைத்துக்கொண்டு 'அப்சோ' என்ற புதிய சோனாரையே 1980களின் தொடக்கத்தில் உருவாக்கி முடித்தார்.

சோனார் என்பது என்ன? கடலுக்குள் ஒலி அடிமண்ணில் மோதும், மேற்பரப்பில் மோதும், பாறையில் மோதும். ஒரே ஒலி பத்து வழியாகத் திரும்பி வரும். அந்தக் குழப்பத்திலிருந்து உண்மையான செய்தியைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. இந்தப் பயிற்சி பிறகு அவருக்கு எங்கே கைகொடுத்தது என்பதைப் பார்ப்போம்.

பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கான பாதுகாப்புத் துறை மையம் ஒன்றை 1980களிலேயே தொடங்கி நடத்தினார். பின்பு கொமடோர் பதவியில் கடற்படையிலிருந்து விடைபெற்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஆதரவாக இருந்தவர் புனேயில் பிறந்த மலையாளி அறிஞர் தாமஸ் கைலாத்.

சிதறிய அலையின் கணக்கு

1992இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை. அருகருகே இருக்கும் இரண்டு ஒலிபரப்பிகளின் சைகைகளைப் பல ஆன்டெனாக்கள் வைத்துப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபரப்பிகள் மிக நெருங்கிவிட்டால் பிரிக்க முடியாது என்பதுதான் கணக்கு. ஆனால் சுற்றிலும் அலை மோதித் திரும்பும் இடத்தில் சோதித்தபோது, நெருங்கியிருந்தும் பிரிந்து வந்தன. பால்ராஜ் அந்த விசித்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

இதைப் புரிந்துகொள்ள நம் மலையடிவாரமே போதும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அருவி பக்கம் நின்று போன் பேசியவர்களுக்குத் தெரியும்: இங்கே நின்றால் சிக்னல் இருக்கும், கொஞ்சம் நகர்ந்தால் போய்விடும். காரணம், கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை நேராகவும் வருகிறது, பாறையில் மோதியும் வருகிறது, கட்டடத்தில் மோதியும் வருகிறது. ஓரிடத்தில் இந்த அலைகள் ஒன்றையொன்று கூட்டும். சிறிது தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். 1800 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்தான். அதனால் ஒரு சாண் நகர்ந்தாலே நிலைமை மாறலாம். நூறாண்டுகளாகப் பொறியாளர்கள் இந்தச் சிதறலை ஒரு தொல்லையாகவே பார்த்தார்கள். எப்படிச் சமாளிப்பது என்றுதான் யோசித்தார்கள்.

பால்ராஜ் அந்தத் தொல்லையையே மூலதனமாக்கினார். எப்படி என்று ஒரு டீக்கடைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு டீயும் ஒரு வடையும் சேர்த்து 25 ரூபாய் என்று ஒருவர் சொல்கிறார். இதை மட்டும் வைத்து டீ எவ்வளவு, வடை எவ்வளவு என்று சொல்ல முடியாது. இன்னொருவர் வந்து, இரண்டு டீயும் இரண்டு வடையும் 50 ரூபாய் என்கிறார். பயனில்லை; முதல் ஆள் சொன்னதையே இவர் இரட்டிப்பாக்கிச் சொல்கிறார். மூன்றாமவர், ஒரு டீயும் இரண்டு வடையும் 35 ரூபாய் என்றால்? உடனே விடை வந்துவிடும்: வடை 10, டீ 15.

ஆன்டெனாக்களும் இப்படித்தான். கோபுரத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்புகின்றன. போனில் உள்ள இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இரண்டும் கலந்தே வந்து சேர்கின்றன. நடுவில் தடையே இல்லாத வெட்டவெளி என்றால், இரண்டு ஆன்டெனாவும் கிட்டத்தட்ட ஒரே கலவையைக் கேட்கும். அது இரண்டாமவர் சொன்ன 50 ரூபாய் கணக்கு. ஆனால் சுவரும் மலையும் மரமும் அலையைச் சிதறடித்தால், ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் கலவையின் விகிதம் மாறுகிறது. அது மூன்றாமவரின் கணக்கு. அப்போது போனுக்குள் இருக்கும் சில்லு கணக்குப் போட்டு இரண்டு செய்திகளையும் பிரித்துவிடும். அலைவரிசையைக் கூட்டாமலேயே அனுப்பும் தகவல் இரட்டிப்பாகிறது. ஆன்டெனாக்கள் நான்கு நான்கானால், சூழ்நிலை ஒத்துழைத்தால், நான்கு மடங்கு வரை போகலாம்.

இதற்குத்தான் 'மைமோ' என்று பெயர்: பல ஆன்டெனாக்களில் அனுப்பிப் பல ஆன்டெனாக்களில் வாங்கும் முறை. 1992இல் பால்ராஜும் கைலாத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1994இல் கிடைத்தது.

துறையில் இருந்தவர்கள் உடனே கைதட்டி ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு செய்தியை அனுப்பினால் குழம்பிப்போகும் என்பது அதுவரை படித்த பாடம். காகிதத்தில் சரி, நடைமுறையில் நடக்காது என்றார்கள். அதனால் செய்தே காட்டுவதென்று 1998இல் அயோஸ்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொழில்நுட்பத்தை 2003இல் இன்டெல் வாங்கியது. அடுத்துத் தொடங்கிய பீசீம் என்ற சில்லு நிறுவனத்தை 2010இல் பிராட்காம் வாங்கியது. 2009இல் வெளிவந்த 802.11என் என்ற வைஃபை தரத்தில் மைமோ இடம்பெற்றது. வீட்டு ரூட்டரில் இரண்டும் நான்குமாகக் கொம்பு முளைத்திருப்பது அதனால்தான், அழகுக்காக இல்லை. 4ஜி முழுவதும் மைமோவை நம்பி நிற்கிறது. 5ஜி கோபுரங்களில் ஒரே பெட்டிக்குள் 64 ஆன்டெனாக்கள் வரை வந்துவிட்டன.

இதையெல்லாம் ஒருவரே செய்தார் என்று எழுதினால் அது போஸுக்கு நடந்ததை மற்றவர்களுக்கு நாம் செய்ததாகிவிடும். பெல் ஆய்வகத்தில் ஜெரார்டு ஃபோஷினி இதே பாதையில் தனியாகப் பெரிய வேலை செய்தார். இம்முறையில் எவ்வளவு தகவலை அனுப்ப முடியும் என்ற கணிதத்தைத் துருக்கியைச் சேர்ந்த எம்ரே டெலட்டார் 1995இல் தெளிவாக எழுதிக் காட்டினார். ஈரானில் பிறந்த சியாவஷ் அலமூத்தி 1998இல் வெளியிட்ட ஒரு சிறிய கட்டுரை, இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து அனுப்ப மிக எளிமையான குறிமுறையைத் தந்தது. அலமூத்திக்கும் 2022இல் மார்கோனி பரிசு கிடைத்தது.

பால்ராஜுக்கு 2010இல் பத்மபூஷண், 2011இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கம், 2014இல் மார்கோனி பரிசு. இந்தியா 5ஜிக்குத் தயாராவது பற்றி அரசு அமைத்த வழிகாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கி 2018இல் அறிக்கை தந்தவரும் அவரே. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்த ஹரி பாலகிருஷ்ணன் 2023இல் இதே பரிசைப் பெற்றார், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான அவருடைய வேலை, நகரும் போன்களையும் வாகனங்களையும் உணர்கருவிகளாகப் பயன்படுத்துவது.

கெய்ரோவின் பிள்ளை

2019இல் இருவருக்குப் பரிசு. ஒருவர் பால் கோச்சர். மற்றவர் 1955இல் கெய்ரோவில் பிறந்த தாஹிர் எல்கமால். எகிப்திலேயே பொறியியல் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்டில் முனைவரானவர். 1985இல் தம் பெயராலேயே வழங்கும் மறைக்குறி முறையை வெளியிட்டார். நெட்ஸ்கேப் நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக 1990களில் இருந்தபோது, இணையத்தில் பாதுகாப்பாகத் தகவல் அனுப்பும் 'எஸ்.எஸ்.எல்.' முறையை முன்னின்று வளர்த்தார். சவூதியிலிருந்து மாதச் சம்பளம் அனுப்பும்போது இணையதள முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் தெரிகிறதே, அதன் பூர்வீகம் அதுதான்.

முஸ்லிம் விஞ்ஞானிகளுக்கென்று ஈரானில் 2015 முதல் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் முஸ்தஃபா பரிசும் இதே எல்லையில் வருகிறது. 2017இல் அதைப் பெற்றவர்களில் ஒருவர் அமீன் ஷொக்ரொல்லாஹி. வழியில் தகவல் துண்டுகள் சில தொலைந்தாலும் கோப்பு முழுமையாகச் சேரும்படி செய்யும் ராப்டர் குறிமுறையைத் தந்தவர். 2021இல் டாக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஜாஹித் ஹசன் பெற்றார்.

நம் வீடுகளில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. இயற்பியல் படித்தால் வாத்தியார் வேலைதான், கம்ப்யூட்டர் படித்தால் வெளிநாடு. மேலே சொன்ன பெயர்களைப் பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. காவ் தொட்டது கண்ணாடியின் இயற்பியலை. பால்ராஜ் தொட்டது அலைகளையும் பத்தாம் வகுப்புச் சமன்பாடுகளையும். நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழி தூரமும் இல்லை. பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் இயற்பியல் துறை இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம், அடுத்து 'கேட்' அல்லது 'ஜெஸ்ட்' தேர்வு வழியாக ஆய்வுப் படிப்புக்குப் போகலாம். எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் பொறியியல் எடுத்தவர் சைகைச் செயலாக்கம், மின்காந்தவியல் என்ற இரண்டு பாடங்களையும் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாமல் இருந்தால் அதே இடத்துக்கு வேறு வாசல் வழியாக வந்து சேரலாம். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்: 2020ஆம் ஆண்டின் மார்கோனி பரிசைப் பெற்றவர் ஆண்ட்ரியா கோல்ட்ஸ்மித், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவருடைய துறையும் கம்பியில்லாத் தகவல் தொடர்புதான்.

மார்கோனி அமைப்பு 2008 முதல் இளம் ஆய்வாளர்களுக்கென்று தனி விருதும் வழங்கத் தொடங்கியது. அது பால் பாரன் என்ற முன்னோடியின் பெயரில் அமைந்தது.